பின்னால் பிடிக்கும் கை

நம் தெருக்களில் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கும் முறை அநேகமாக ஒன்றுதான். அப்பாவோ அம்மாவோ கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். "நேரா பாரு, மிதி மிதி" என்று குரல் கொடுப்பார். பிறகு பிள்ளைக்குத் தெரியாமல் கையை எடுத்துவிடுவார். தலைமுறைகளாக இப்படிப் பலர் பழகியிருக்கிறார்கள். ஆனாலும் இதில் பாதிதான் சரி என்பது என் எண்ணம்.

சரியான பாதி பெரியது. சைக்கிளை மெதுவாக ஓட்டுவதுதான் கடினம். பயந்த பிள்ளையோ மெதுவாகத்தான் மிதிக்கும். பின்னாலிருந்து தள்ளும் கை, விழாமல் ஓடத் தேவையான வேகத்தைக் கொடுக்கிறது. விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது என்ற தெம்பையும் கொடுக்கிறது. இதை எந்தக் கருவியும் தராது.

தவறு, பிடிக்கும் இடத்தில் இருக்கிறது. சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் உடலுக்கு அடியில் வந்து வண்டி நிமிரும். பயமோ எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லும். பயத்தை மீறி உடல் இதைப் பழக வேண்டுமானால், சாய்வை அது திரும்பத் திரும்ப உணர வேண்டும். கேரியரை இறுகப் பிடித்தால், பிள்ளை உணரும் முன்பே பெரியவரின் மணிக்கட்டு வண்டியை நிமிர்த்திவிடுகிறது. பேலன்ஸ் பழகுவது அப்பாதான்! "ஹேண்டிலை ஆட்டாதே" என்ற அதட்டல் இன்னும் மோசம். ஹேண்டில் சற்று ஆடாமல் எந்தச் சைக்கிளும் நிற்காது.

சைடு வீல் இதே தவறை இரும்பில் செய்கிறது. வண்டி சாயவே சாயாது என்பதால், அதில் எத்தனை மாதம் ஓட்டினாலும் கழற்றும் நாளில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

வாடகை சைக்கிள் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்க ஆள் இல்லாத நேரமே அதிகம். ஒரு காலைப் பெடலில் ஊன்றி, மறு காலால் தரையை உந்தித் தத்தித் தத்திப் போனார்கள். பாருக்கு அடியில் காலை நுழைத்து மிதிக்கும் குரங்கு பெடல் அதற்குப் பிறகுதான். அதாவது பேலன்ஸ் முதலில், மிதிப்பது பின்னால். 1817இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது. காலால் உந்தித்தான் ஓட்டினார்கள். ஆனால் தனியாகப் பழகியதில் முட்டி பெயர்ந்ததும் பல் உடைந்ததும் உண்டு. அந்தக் காலத்தைப் போற்றி, பிள்ளையைத் தனியே விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சொல்லாமல் கையை எடுப்பதை நான் ஏற்கவில்லை. அதனால் சட்டென்று ஓட்டம் பிடிபட்ட பிள்ளைகள் உண்டு என்பது மெய்தான். திரும்பிப் பார்த்து, ஆளைக் காணாமல் பதறி விழுந்து, மறுநாள் சைக்கிளைத் தொட மறுத்த பிள்ளைகளும் உண்டு. "விடப்போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு விடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஆகவே பெற்றோரே, கூட ஓடுங்கள். ஆனால் கேரியரை விட்டுவிட்டு, பிள்ளையின் தோளையோ முதுகையோ லேசாகப் பிடியுங்கள். முதலில் பிரேக் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பாதமும் தரையில் படும் அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். சில நாட்களுக்குப் பெடல் இரண்டையும் கழற்றி வையுங்கள். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் இருக்கும். கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் அது கழலும்.