ஐயமும் தெளிவும்: கென் தாம்சன் உரை பற்றிய திறனாய்வு

கணினிப் பாதுகாப்பினைப் பல்கலைக்கழகங்களில் உயர்நிலையில் பயில்வோர்க்குத் தடித்த நூல்கள் பல உள. அவற்றோடு, 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றே பக்க உரையொன்றும் இன்றளவும் படிக்கப்பெறுகிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சியோடு தமக்கு வழங்கப்பெற்ற 1983ஆம் ஆண்டு டூரிங் விருதினை ஏற்று ஆற்றிய உரை அது. நம் பள்ளிகளில் எழுத்தறிந்து சென்ற மாணவர் பலர் இன்று கணினித் துறையை நாடுகின்றனர். அங்கு அவர்க்கு ஓதப்படும் பாடத்தின் நிறைகுறைகளை அறிதல் தமிழாசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

உரையின் பொருள்

மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி நேரே அறியாது. கம்பைலர் எனப்படும் தொகுப்பி அதனைப் பொறிமொழியாக மாற்றித் தரவேண்டும். அத்தொகுப்பியும் ஒரு நிரலே. அதனை மாற்றித் தந்தது அதற்கு முற்பட்ட வேறொரு தொகுப்பி. வழிவழியாக வரும் இத்தொடரிலேதான் தாம்சன் கைவைக்கிறார்.

யூனிக்ஸில் நுழைவோரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல் ஒன்று உண்டு. அதனைத் தொகுக்கும்போது மட்டும், தாமறிந்த மற்றொரு கடவுச்சொல்லையும் ஏற்கும்படியான கள்ளவாயிலைத் தொகுப்பி செருகுமாறு செய்கிறார். இச்சூழ்ச்சி தொகுப்பியின் மூல நிரலில் நின்றால் படிப்பவர் கண்டுகொள்வர். ஆகவே, தொகுப்பியையே மீண்டும் தொகுக்கும்போது சூழ்ச்சி முழுவதும் தானே உட்புகுமாறு அமைத்துவிட்டு, மூல நிரலில் அதன் சுவடுகளை அழித்துவிடுகிறார். அதன்பின் மூல நிரலை எத்துணை முறை படித்தாலும் குற்றம் அகப்படாது.

தமிழாசிரியர்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஓர் ஆசிரியர் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கக் கற்பிக்கிறார் எனக் கொள்வோம். அவரிடம் பயின்றவன் பின்னர் ஆசிரியனாகித் தன் மாணவர்க்கும் அவ்வாறே ஓதுவிக்கிறான். புத்தகத்தில் 'பழம்' என்றே செம்மையாக அச்சாகியுள்ளது. படிப்பவர் வாயிலோ 'பளம்' என வருகிறது. புத்தகத்தை மட்டும் திருத்துவோர்க்கு இப்பிழை என்றும் புலப்படாது. அது நாவிலிருந்து நாவுக்குத் தாவிச் செல்கிறது.

சிறப்புகள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். தாம்சன் அந்நெறியில் வழுவாது நடக்கிறார். தன்னைத் தானே அச்சிடும் நிரலை முதலிற் காட்டுகிறார். ஒருமுறை கற்பித்த குறியீட்டைத் தொகுப்பி பின்னர்த் தன்னுள்ளேயே நினைவிற்கொள்வதை அடுத்து விளக்குகிறார். இவ்விரண்டும் மனத்தில் பதிந்தபின்னரே சூழ்ச்சியைச் சொல்கிறார். முதலிரு படிகள் இன்றி மூன்றாம் படி விளங்காது. மிகைச்சொல் ஒன்றும் இல்லை.

மற்றொரு சிறப்பு, அவர்தம் நேர்மை. இக்கருத்தைத் தாம் முன்னரே விமானப்படையின் ஆய்வு ஒன்றிற் படித்ததாக அவர் கூறுகிறார். மல்டிக்ஸ் கணினியமைப்பைப் பற்றிப் பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் 1974ஆம் ஆண்டில் அளித்த ஆய்வே அது. எனவே, மூலக் கருத்தின் பெருமை அவ்விருவரைச் சாரும்; அதனை அனைவர்க்கும் விளங்கவைத்த பெருமை தாம்சனைச் சாரும். அவர் வழங்கிய அந்நிரலை ரஸ் காக்ஸ் 2023ஆம் ஆண்டில் விளக்கத்தோடு வெளியிட்டமையால், மாணவர் இன்று அதனை நேரிலேயே ஆராயலாம்.

குறைகள்

தாம் முழுதும் படைக்காத நிரலை நம்பலாகாது என்பது தாம்சனின் முடிபு. எச்சரிக்கை என்ற அளவில் இது பொருந்தும். வாழ்வியல் நெறியாகக் கொள்ளின் பொருந்தாது. தொகுப்பி, இயங்குதளம், கணிப்பொறியின் சில்லு ஆகிய அனைத்தையும் தனியொருவர் படைத்தல் இயலுமோ? இவ்வுரையை மட்டும் படித்து நிறுத்தும் மாணவன், எதனையும் நம்ப வழியில்லை என்று சோர்ந்துவிடுவான்.

இக்குறைக்கு மருந்து கண்டவர் டேவிட் வீலர். 2005ஆம் ஆண்டில் ஆய்வுரையாகத் தந்த முறையை, 2009ஆம் ஆண்டில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாக அவர் விரித்துரைத்தார். ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூல நிரலை, அதனோடு தொடர்பற்ற இரண்டாம் தொகுப்பியால் மாற்றுக. அவ்வாறு கிடைத்த தொகுப்பியால் அதே மூல நிரலை மீண்டும் மாற்றுக. இறுதியில் விளைந்ததை ஐயத்துக்குரிய தொகுப்பியோடு ஒப்பிடுக என்பது அவர் முறை. உரிய நிபந்தனைகளின்கீழ் இரண்டும் இம்மியும் பிசகாது ஒத்திருத்தல் வேண்டும். மேற்சொன்ன உவமையின்படி, வேறு ஆசிரியர் மரபில் வந்த ஒருவரை அழைத்து அதே பக்கத்தைப் படிக்கச் செய்து இருவர் ஒலியையும் ஒப்பிடுவது போன்றதாகும். இரண்டாம் தொகுப்பி குற்றமே அற்றதாக இருத்தல் வேண்டுவதில்லை. அதே சூழ்ச்சியை உடையதாக இல்லாதிருந்தால் போதும். மூல நிரலைப் படித்தறியும் கடமையோ என்றும் எஞ்சி நிற்கும்.

ஐயத்தின் பயனை 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாத நிகழ்ச்சியும் காட்டிற்று. எக்ஸ்இசட் என்னும் பொதுப்பயன் நிரற்கருவியில், ஈராண்டுக்கு மேல் உடனுழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பெயரால் கள்ளவாயில் புகுத்தப்பட்டிருந்தது. தொலைக்கணினியில் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்ட ஆண்ட்ரெஸ் பிராயின்ட், ஏன் என்று வினவினார், சூழ்ச்சி வெளிப்பட்டது. எதனையும் நம்பாதவர்க்கு அரை நொடி ஒரு பொருட்டாகாது. எது இயல்பு என நன்கறிந்தவரே திரிபினைக் காண்பார்.

இரண்டாம் குறை அறம் பற்றியது. பிறர் கணினியில் நுழையும் இளைஞரை வீரராகப் போற்றுதலைத் தாம்சன் கண்டிக்கிறார். கதவு திறந்து கிடப்பினும் அயலார் வீட்டுள் புகுதல் இழிவே என்கிறார். மெய்யான கருத்து. ஆயினும், சூழ்ச்சியைப் படிப்படியாக விளக்கியவர் அறத்தை இறுதியில் விரைந்து முடித்துவிடுகிறார். குறை கண்டவன் அதனை யாரிடம், எவ்வாறு தெரிவித்தல் வேண்டும் என அவர் சொல்லவில்லை. சிங்கப்பூர் 1993ஆம் ஆண்டிலும் மலேசியா 1997ஆம் ஆண்டிலும் இயற்றிய சட்டங்கள் இசைவற்ற நுழைவைக் குற்றமென விதித்தன. சட்டம் தண்டிக்கும், வழிகாட்டுதல் ஆசிரியர் கடன்.

முடிபு

தாம்சனின் உரை ஐயத்தைக் கற்பிக்கும். வீலரின் ஆய்வு தெளிவைக் கற்பிக்கும். இரண்டையும் ஒருங்கே வைத்து ஓதுவிப்பதே முறை. பூட்டைத் திறக்கும் வகையறிந்த மாணவனுக்கு, யாருடைய இசைவோடு திறக்கலாம் என்பதையும் அதே வகுப்பில், அதே அளவு நேரம் செலவிட்டுக் கற்பித்தல் வேண்டும்.