வடிவின் எழிலும் வாய்மையும்

ஜேர்மானிய விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட 'இயற்கையின் கலைவடிவங்கள்' நூறு படத்தாள்களை உடையது. 1881இல் ஈழம் போந்து வெலிகமைக் கடலில் நுண்ணுயிர் தேடியவரும் இவரே. ரேடியோலேரியா என்னும் நுண்கடலுயிர்களின் சிலிக்காக் கூடுகளை அணிகலன்போல் அவர் தீட்டினார். அவ்வடிவங்களைத் தழுவியே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரெனே பினே, 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியின் பெருவாயிலை வகுத்தார். கலைக்கு அறிவியல் ஈந்த கொடை இஃது.

ஆயினும், அப்படங்கள் பலவற்றிற் சமச்சீர்மை இயற்கையிற் காண்பதினும் மிகுந்து தோன்றும். கோணலும் சிதைவும் அரிதாம். கட்டடக் கலைஞனுக்கு அது குறையன்று, ஆய்வாளனுக்கோ பெருங்குறை. 1868இல் வெளிவந்த அவரது மற்றொரு நூலில், நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றன் கருவிற்கும் ஒரே அச்சுக்கட்டை பயன்பட்டது. பேராசிரியர் ருட்டிமையர் அதனைக் கடிந்துரைத்தார். கருக்களின் ஒற்றுமையை நிறுவ வந்த படம், அவ்வொற்றுமையைத் தானே படைத்துக்கொண்டது.

ஆதலின், அணியாக நிற்கும் ஓவியம் இயற்கையைத் திருத்தலாம். சான்றாக நிற்கும் ஓவியம் திருத்தலாகாது. இவ்வெல்லையை உணர்ந்து நோக்குவார்க்கு ஹெக்கலின் படத்தாள்கள் இன்றும் கண்ணுக்கு விருந்தேயாம்.