கருவியின் உரை அளவையாகுமா?

சாட்ஜிபிடி முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைச் சரித்திரம் வினாவி, அவை தரும் விடையையே சான்றாக எழுதுவார் இக்காலத்துச் சிலர் உளர். அவ்விடை எவ்வளவையின்பாற் படும் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கிற்று. கருவி கல்வெட்டைக் கண்டதன்று, ஏதுக்கொண்டு கருதியதன்று, ஆப்தனுமன்று. ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பென்று கணித்துத் தொடுப்பதே அதன் தொழில். ஆதலின் இல்லாத சாசனத்திற்கும் எண்ணும் ஆண்டும் கூசாது கூறும்.

திருஞானசம்பந்தர் காலம் துணியப்பட்டவாறு காண்க. சுவாமிகள் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் சிறுத்தொண்டரைக் குறித்தருளினார். அவர் வாதாபி வென்றமையைச் சேக்கிழார் கூறினார். முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642-ஐ ஒட்டி அந்நகர் கொண்டமைக்குக் கூரம் செப்பேடும் வாதாபிக் கல்வெட்டும் கரியாம். இவை தம்முள் இயைதலின் 7-ஆம் நூற்றாண்டென்பது போதரும். இவற்றுள் ஒவ்வொன்றும் யாவரும் சென்று காணத்தக்கது. கருவியும் அந்நூற்றாண்டையே கூறலாம். கூறினும் அது கிளி கூறிய மெய்யேயாம்.

அதனை அறவே விலக்குக என்கிலேம். எந்நூலிற் றேடுவது என்று வழி வினவுக, பின் ஏட்டையும் சாசனத்தையும் தாமே காண்க, காணாததனை எழுதற்க. இன்று நாம் அச்சேற்றும் பொய்யை அக்கருவி நாளை கற்று, நாயன்மார் வரலாறென நம் மக்கட்கே ஓதும்.