மேற்கோளும் கேட்போரும்: ஆங்கிலேயப் பிரசங்கங்களில் செருக்கும் அரச விசுவாசமும் (1547–1662)

முன்னுரை

16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசங்கம் வழிபாட்டின் ஒரு கூறாக மட்டும் அமையவில்லை. அரசின் கருத்து ஊர்தோறும் சென்று சேரும் வாயிலாகவும் அது விளங்கியது. 1559ஆம் ஆண்டுச் சட்டம் ஞாயிறு வழிபாட்டுக்கு வருவதைக் குடிமக்களின் கடமையாக்கிற்று. வாராதவர் தண்டம் செலுத்தினர். ஆகவே பிரசங்க மேடையில் எடுத்தாளப்பெற்ற ஒவ்வொரு விவிலிய வசனமும், விலக இயலாத கேட்போரை நோக்கிச் சொல்லப்பட்டதாகும்.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுள் உறுப்புகளுள் கூற்றையும் கேட்போரையும் எண்ணுகின்றது. சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பவற்றை நீக்கிவிட்டுப் பாட்டின் பொருளை முழுமையாகக் காண இயலாது என்னும் தெளிவு அதில் உண்டு. இவ்விரண்டு உறுப்புகளையும் அளவுகோலாகக் கொண்டு, செருக்கையும் அரச விசுவாசத்தையும் பற்றிய ஆங்கிலேயப் பிரசங்கங்களின் மேற்கோள் முறையை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஒரு வசனம் தன் முதற் கேட்போரை இழந்து வேறொருவர்மேல் ஏவப்படும்போது அதன் பொருள் என்னாகின்றது என்பதே இங்கு எழும் வினா.

செருக்கே கிளர்ச்சியின் வேர்

ஆறாம் எட்வர்டு ஆட்சியில், 1547ஆம் ஆண்டு, கிரான்மரின் முயற்சியால் முதற் பிரசங்கத் தொகுதி வெளிவந்தது. பிரசங்கிக்கும் தகுதியுடைய குருமார் குறைவாக இருந்தமையால், பிறர் அதனை அப்படியே படித்துக் காட்டினர். அதிலுள்ள கீழ்ப்படிதல் பற்றிய பிரசங்கம் ரோமர் 13ஆம் அதிகாரத்தைத் தூணாகக் கொண்டது. மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் சொன்னதையும் அது மறைக்கவில்லை. தெய்வ ஆணைக்கு மாறான கட்டளையை ஏற்கலாகாது என ஒப்பியபின், அப்போதும் எதிர்த்து எழலாகாது என்று வரம்பிட்டது. மறுப்புக்கு இடமுண்டு, கிளர்ச்சிக்கு இல்லை என்பதே அதன் நிலை.

1569இல் வடநாட்டுக் கோமகன்கள் எலிசபெத்துக்கு எதிராக எழுந்தனர். 1570இல் ஐந்தாம் பயஸ் என்னும் போப்பாண்டவர் அரசியைச் சபைக்குப் புறம்பாக்கினார். இச்சூழலில் தோன்றிய ஆறு பகுதிப் பிரசங்கம் கிளர்ச்சியை நேரடியாகத் தாக்கியது. முதற் கிளர்ச்சியாளன் லூசிபர் என்று தொடங்கும் அது, கிளர்ச்சியைத் தனியொரு பாவமாக அன்றி, ஏழு தலையாய பாவங்களும் வந்து கலக்கும் குட்டையாகக் காண்கின்றது. நிலம் பிளந்து விழுங்கிய கோராகு கூட்டமும், மரத்தில் தொங்கிய அப்சலோமும் அதற்குச் சான்றுகளாகின்றனர். பேராசையும் அறியாமையும் கிளர்ச்சியின் இரு காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

இப்பிரசங்கத்தின் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இடம் பெயர்க்கப்பட்டவை அல்ல. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் கைக்கெட்டிய தொலைவில் இருந்தும் தாவீது அவனைத் தொடாது விட்டமை, குடிமகன் நிலையில் நின்ற ஒருவனின் செயல். அதனைக் குடிமக்களுக்குக் காட்டுவது பொருத்தமே. செருக்கைப் பற்றிய சான்றுகளுக்கு வரும்போதுதான் சிக்கல் எழுகின்றது.

கேட்போர் மாற்றம்

லூசிபர் என்னும் பெயர் ஏசாயா 14ஆம் அதிகாரத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. வானத்திலிருந்து விழுந்த விடிவெள்ளியைப் பற்றிய அப்பகுதி, அதே அதிகாரம் சொல்கின்றவாறு, பாபிலோன் அரசனை இகழ்ந்து பாடியது. அதனைச் சாத்தானைப் பற்றியதாகக் கொள்ளும் விளக்கத்தைக் கால்வினே மறுத்துள்ளார். அரசனொருவனின் செருக்கைச் சாடிய பாட்டு, விண்ணுலகக் கதையாக மாறி, பின்னர் அரசனை எதிர்ப்போரின் செருக்கைச் சாடும் படைக்கலமாயிற்று.

கிளர்ச்சியைச் சூனியத்துக்கு இணையாக வைக்கும் 1 சாமுவேல் 15:23ஆம் வசனமும் இத்தகையதே. 17ஆம் நூற்றாண்டில் அரசு சார்ந்த பிரசங்கிகள் அதனைக் குடிமக்களை நோக்கி அடிக்கடி எடுத்தாண்டனர். ஆனால் சாமுவேல் அதனைச் சொன்னது சவுல் என்னும் அரசனிடம். அவன் அரசுரிமையை இழந்தான் என்று அறிவித்த அதே மூச்சில்.

மூன்றாவது சான்று 1662ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் உள்ளது. 1649இல் முதலாம் சார்லஸ் தலை துணிக்கப்பட்ட சனவரி 30ஆம் நாளுக்கென வகுக்கப்பட்ட வழிபாட்டில், திராட்சைத் தோட்டக் குத்தகைக்காரர் உரிமையாளரின் மகனைக் கொன்ற உவமை நற்செய்தி வாசகமாக அமைந்தது. மத்தேயு நற்செய்தியில் அவ்வுவமையைக் கேட்டு, தம்மையே குறித்தது என்று உணர்ந்தவர்கள் தலைமைக் குருக்களும் பரிசேயரும், அதாவது மேலிடத்தில் இருந்தவர்கள். இங்கிலாந்தில் அது, அரசனைக் கொன்ற குடிமக்களின் குற்றத்தை ஆண்டுதோறும் நினைவூட்டுவதாயிற்று.

மூன்றிலும் நிகழ்வது ஒன்றே. ஆள்வோரிடம் சொல்லப்பட்ட கண்டனம் ஆளப்படுவோரிடம் திருப்பப்படுகின்றது. கூற்று நிற்கின்றது, கேட்போர் மாறுகின்றனர்.

ஓர் அதிகாரம், இரு மேற்கோள்கள்

இம்முறை அரசு சார்ந்தோருக்கு மட்டும் உரியதன்று. நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரமாகிய தெபொராளின் போர்ப்பாட்டு இதனை நன்கு காட்டுகின்றது. 1622 ஆகஸ்டில் முதலாம் ஜேம்ஸ் பிரசங்கிகளுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தார். அடுத்த மாதம் தூய பவுல் பேராலயத் தலைவர் ஜான் டன், பவுல் சிலுவை மேடையில் அவற்றை ஆதரித்துப் பேசினார். அவர் எடுத்த வசனம், விண்மீன்கள் தம் பாதையில் நின்று சிசெராவோடு போரிட்டதைச் சொல்லும் 20ஆம் வசனம். போரைவிட ஒழுங்கே டன்னுக்கு முதன்மையாயிற்று: விண்மீன்களைப் போலப் பிரசங்கிகளும் தத்தம் வரிசையில் நின்றே போரிட வேண்டும்.

1642 பிப்ரவரியில் ஸ்டீபன் மார்ஷல் பொதுமக்கள் அவையின் முன் எடுத்த வசனம், அதிலிருந்து மூன்று வசனங்கள் தள்ளியுள்ளது: போருக்கு வாராத மேரோஸ் ஊரின்மேல் விழுந்த சாபம். ஒதுங்கி நிற்பதே பாவம் என்பது அப்பிரசங்கத்தின் உயிர்நாடி. அதே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது.

ஒரே பாட்டு, டன்னிடம் அடக்கத்துக்கும் மார்ஷலிடம் எழுச்சிக்கும் சான்றாயிற்று. முன்னதில் விசுவாசம் அரசனுக்கு, பின்னதில் இலட்சியத்துக்கு. எனினும், கேட்போரின் தயக்கத்தைக் குற்றமாக மாற்றும் ஆற்றல் மார்ஷலின் மேற்கோளுக்கும் உண்டு. குறைசொல்பவனை லூசிபரின் வழியினன் ஆக்கிய 1570ஆம் ஆண்டுப் பிரசங்கத்துக்கும், தயங்குபவனை மேரோஸின் வழியினன் ஆக்கிய 1642ஆம் ஆண்டுப் பிரசங்கத்துக்கும் இவ்வகையில் வேறுபாடு சிறிதே.

முடிவுரை

1560ஆம் ஆண்டு ஜெனீவா விவிலியம், முழு ஆங்கில விவிலியங்களுள் முதன்முதலாக வசனங்களுக்கு எண் இட்டது. வசனத்தைத் தனியே பெயர்த்தெடுக்க அவ்வெண் உதவிற்று; பெயர்த்த இடத்துக்குத் திரும்பிச் செல்லும் வழியையும் அதுவே காட்டிற்று. வீட்டில் அந்நூலைத் திறந்த நெசவாளியோ கடைக்காரரோ, சாமுவேல் யாரைக் கண்டித்தார் என்பதைத் தாமே கண்டறிய முடிந்தது. அந்நூலின் ஓரக்குறிப்புகள் சிலவற்றை முதலாம் ஜேம்ஸ் 1604இல் வெளிப்படையாகக் கண்டித்ததும் இதனாலேயே விளங்கும்.

இடம் பெயர்த்தலே மேற்கோளின் இயல்பு, அது பிழையன்று. ஆனால் தன் முதற் கேட்போரை முற்றிலும் வெளியேற்றிவிடும் மேற்கோள் அறவுரையாக நிற்பதில்லை, அதிகாரமாகி விடுகின்றது. செருக்கைப் பற்றிய ஒரு பிரசங்கம் நேர்மையானதா என்பதை அறிய ஒரு வினா போதும்: அவ்வசனம் முதலில் எவரை நோக்கிச் சொல்லப்பட்டதோ, அவரும் அவ்வவையில் அமர்ந்து அதனைக் கேட்க வேண்டியவராக இருக்கின்றாரா? மேற்கண்ட மூன்று சான்றுகளிலும் அவ்விருக்கை வெறுமையாகவே இருந்தது.