18 வயதில் உலகப் பட்டம், அதற்குப் பிறகு?

2003-ல் சீனாவின் ஜியாங்மென் நகரில் நடந்த உலக அமெச்சூர் ஸ்நூக்கர் இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானின் சாலே முகமதுவை 11-5 என்ற பிரேம் கணக்கில் வீழ்த்தினார் பங்கஜ் அத்வானி. அப்போது அவருக்கு வயது 18. 1984-ல் டப்ளினில் ஓம் பிரகாஷ் அகர்வால் வென்ற பிறகு, அந்தப் பட்டம் மீண்டும் இந்தியாவுக்கு வர 19 ஆண்டுகள் பிடித்தன. அத்வானியின் பிற்காலச் சாதனைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஓர் இளம் ஆட்டக்காரரை நம் நாடு எப்படி உருவாக்குகிறது, உருவாக்கிய பிறகு எங்கே கைவிடுகிறது என்பதற்கு அவருடைய தொடக்க ஆண்டுகளே தெளிவான சான்று.

இரண்டு ஆட்டம், ஒரே மேஜை

புணேயில் பிறந்த அத்வானியின் சிறுவயது குவைத்தில் கழிந்தது. வளைகுடாப் போர்ச் சூழலில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பத்து வயதில் அவரை ஸ்நூக்கர் மேஜைக்கு அழைத்துச் சென்றவர் அண்ணன் ஸ்ரீ. முன்னாள் தேசியச் சாம்பியன் அரவிந்த் சவூர் பயிற்சியாளராக வாய்த்தார். ஆர்வமூட்ட ஓர் அண்ணன், நுட்பம் தெரிந்த ஓர் ஆசான், போட்டிகளுக்குப் பஞ்சமில்லாத ஒரு நகரம். வளர இது போதுமானதாக இருந்தது.

அந்த வளர்ச்சி பில்லியர்ட்ஸிலிருந்து தொடங்கியதைக் கவனிக்க வேண்டும். 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் தேசிய ஜூனியர் பில்லியர்ட்ஸ் பட்டம் அவருடையது. 2003-ல் ஜூனியர் ஸ்நூக்கர் பட்டமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் 12 அடி நீள மேஜையில் ஆடப்படுபவைதான். ஆனால் கேட்கும் திறமை வேறு. ஸ்நூக்கரில் 15 சிவப்புப் பந்துகள், ஆறு வண்ணப் பந்துகள், அடிப்பதற்கு ஒரு வெள்ளைப் பந்து. பில்லியர்ட்ஸில் மொத்தமே மூன்று பந்துகள். ஒவ்வோர் அடிக்கும் பிறகு அந்த மூன்றும் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடாதவரால் அங்கே நீண்ட பிரேக் ஆட முடியாது. அடியின் பலத்தை நூலளவு கூட்டிக் குறைக்கும் பழக்கம் கைக்கு வந்தாக வேண்டும்.

அத்வானியின் ஸ்நூக்கரில் தெரிவது இந்தப் பழக்கம்தான். வெள்ளைப் பந்தை அவர் மேஜை முழுக்க ஓடவிடுவதில்லை. பாக்கெட்டுக்கு அருகே, சில அங்குல இடத்துக்குள் வைத்துக்கொண்டே எண்ணிக்கையை உயர்த்துவார். பெரிய அடி அடிக்க வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது அவருடைய பாணி. இரண்டு ஆட்டத்தையும் ஒன்றாகப் பழகினால் இரண்டும் கெடும் என்பது பலர் நம்பும் எச்சரிக்கை. வேகமும் பந்தைத் தொடும் விதமும் மாறுவதால் அதில் உண்மையும் உண்டு. அத்வானிக்கோ ஒன்று இன்னொன்றுக்கு உரமானது.

2005-ல் மால்டாவின் கவ்ரா நகரில் அது உறுதியானது. நேர அளவு முறை, புள்ளி முறை என்ற இரண்டு வடிவங்களிலும் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தை ஒரே ஆண்டில் வென்றார். இரண்டு ஆட்டத்திலும் அமெச்சூர் உலகப் பட்டம் வென்றவர் அவருக்கு முன் ஒருவர்தான்: மால்டாவின் பால் மிஃப்சுட். மிஃப்சுட்டின் நாட்டிலேயே அவருக்கு இணையாக நின்றபோது அத்வானிக்கு 20 வயது.

டிங் போன பாதை

இதே காலத்தில் சீனாவில் இன்னொரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். டிங் ஜுன்ஹுய், அத்வானியைவிட ஏறத்தாழ இரண்டு வயது இளையவர். 2002-ல் 21 வயதுக்கு உட்பட்டோர் உலகப் பட்டத்தையும், புசான் ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கத்தையும் வென்றார். 2003-ல் 16 வயதில் தொழில்முறைக்கு மாறினார். 2005-ல் சைனா ஓபன் இறுதியில் ஸ்டீபன் ஹென்ட்ரியையும், அதே ஆண்டு இங்கிலாந்தில் யு.கே. சாம்பியன்ஷிப் இறுதியில் ஸ்டீவ் டேவிஸையும் வென்றார். அத்வானி தொழில்முறைச் சுற்றில் நுழைந்தது 2012-ல், 27 வயதில்.

இருவருக்கும் திறமையில் பெரிய இடைவெளி இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேறுபாடு, பதின்ம வயதுப் பட்டத்துக்குப் பிறகு யாரோடு ஆடினார்கள் என்பதில் இருக்கிறது. தொழில்முறை ஸ்நூக்கரில் ஒரு பந்தைத் தவறவிட்டால் எதிராளி சதம் அடித்து பிரேமை முடித்துவிடுவார். தொலைவிலிருந்து பாட் செய்யும் துணிவும், ஒருமணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்து எழுந்து வந்து முதல் அடியைச் சரியாக அடிக்கும் மனமும், அப்படிப்பட்டவர்களோடு வாரந்தோறும் மோதினால்தான் வரும். 17 வயதில் படிவது 27 வயதில் அவ்வளவு எளிதில் படியாது. அப்படியிருந்தும் 2013 வெல்ஷ் ஓபனில் காலிறுதி வரை போனார் அத்வானி. தரவரிசைப் போட்டியொன்றில் அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியர் அவர்தான். தாமதமாகப் போயும் இவ்வளவு என்றால், 18 வயதிலேயே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

அவர் அமெச்சூராக நீடித்ததைக் குறை சொல்ல முடியாது. இங்கே ஓ.என்.ஜி.சி. வேலை இருந்தது, நாட்டுக்காக ஆடும் வாய்ப்பும், அர்ஜுனா, கேல் ரத்னா விருதுகளும் இருந்தன. 2006 தோகா ஆசியப் போட்டியில் பில்லியர்ட்ஸ் தங்கமும் வந்தது. இங்கிலாந்தில் சொந்தச் செலவில் தங்கி, முதல் சுற்றுத் தோல்விகளைத் தாங்கிப் பழகும் வாழ்க்கைக்கு அன்று எந்த அமைப்பும் அவரைத் தயார்செய்யவில்லை.

2015-ல் எகிப்தின் ஹுர்கடாவில் நடந்த உலக அமெச்சூர் ஸ்நூக்கர் இறுதியைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். 18 வயது சீன இளைஞர் ஒருவரை 8-6 என்று வீழ்த்தினார் அத்வானி. தோற்றவர் ஷாவோ சின்டாங். 2025-ல் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனதும் அவரே. ஜியாங்மென்னில் வென்ற அத்வானியின் வயதுதான் ஹுர்கடாவில் தோற்ற ஷாவோவுக்கும். தோற்றவரின் முன்னே ஒரு வழி திறந்திருந்தது; பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வென்றவருக்கு அது திறக்கவில்லை.

செய்ய வேண்டியவை

பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் உள்ளிட்ட கியூ விளையாட்டுகள் 2010 குவாங்சோவுக்குப் பிறகு ஆசியப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. பதக்க வாய்ப்பு போனால் அரசின் கவனமும் தளரும். எனவே சங்கங்களும் நிறுவனங்களும்தான் முன்வர வேண்டும். ஜூனியர் பயிற்சியில் பில்லியர்ட்ஸைக் கைவிடக் கூடாது. அத்வானியின் கை அதில்தான் பழகியது. தேசிய ஜூனியர் ஸ்நூக்கர் சாம்பியனாகும் ஒவ்வொருவருக்கும், பட்டம் வென்ற கையோடு வெளிநாட்டில் வலுவான எதிராளிகளோடு ஆட இரண்டு ஆண்டுச் செலவை ஏற்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் தோற்றுக்கொண்டே இருந்தாலும் வேலையோ உதவித்தொகையோ பறிபோகாது என்ற உறுதியைத் தர வேண்டும்.

அத்வானி 25-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களை வென்று தன் பங்கைச் செய்துவிட்டார். 18 வயதில் அவரைப்போல் வெல்லப் போகும் அடுத்த இந்தியரை, 27 வயது வரை காக்க வைக்காமல் இருப்பது நம் பங்கு.