முதலெழுத்தில் எது ஒளியும்?

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கம் தாண்டியதும் வரும் ஆந்திர எல்லை ஊர் தடா. ஒரு பாட்டின் அடிகளில் முதலெழுத்துகளை மட்டும் கூட்டினால் 'தடா' என்று வர வேண்டும் என்று மரபறிந்த தமிழ்ப் புலவரிடம் கேட்டால் அவர் கைவிரித்துவிடுவார். த-வில் தொடங்கும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. டா-வில் தொடங்கும் தமிழ்ச்சொல்தான் இல்லை. அதே ஊரிலிருக்கும் தெலுங்குப் புலவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ட, ர, ல எல்லாம் தெலுங்கில் தயங்காமல் சொல்லுக்கு முதலில் நிற்கும்.

இலக்கியத்தில் முதலெழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடுவதில் உலகெங்கும் ஆர்வம் உண்டு. தமிழில் தேடுவோர் முதலில் கையில் எடுக்க வேண்டியது நன்னூலின் மொழிமுதல் விதி. பதினெட்டு மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டும் எந்த உயிரோடு சேர்ந்தாலும் சொல்லுக்கு முதலில் வாரா. தனி மெய்யும் வராது. ஆகவே 'தமிழ்' என்ற சொல்லையே முதலெழுத்துகளால் கட்ட முடியாது. மூன்றாம் எழுத்தில் நின்றுவிடும். 'முருகன்' இரண்டாம் எழுத்தில் நிற்கும். காளத்தி, வேங்கடம், திருப்பதி எதுவும் தேறாது. திருமலைப் படிகளில் ஓயாமல் ஒலிக்கும் 'கோவிந்தா' கூட ந்-இல் தடுக்கும். கட்டளைக் கலித்துறையில் ஒற்றை நீக்கி எழுத்தெண்ணுவதுபோல இங்கும் எண்ணலாம் என்று இளக்கம் கொடுத்தால்தான் அது கரையேறும்.

'நமசிவாய' மட்டும் ஐந்தெழுத்தும் தடையின்றி நிற்கிறது. வடமொழியில் ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் சிவ பஞ்சாட்சரத் தோத்திரத்தின் ஐந்து சுலோகங்களும் முறையே இந்த ஐந்தெழுத்திலேயே தொடங்குகின்றன. தமிழுக்கும் இது இயல்பாகப் பொருந்தும்.

விதி இவ்வளவு இறுக்கமாக இருக்கும்போது தமிழ்ப் புலவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவையான பகுதி. ஆத்திசூடியை நாம் அகரவரிசை நூல் என்கிறோம். ஆனால் முதலெழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதியில் வரிசை அறுந்துபோகும். ட-வுக்கு ஔவையார் வைத்த முதற்சொல் 'இடம்பட', ண-வுக்கு 'இணக்கம்', ர-வுக்கு 'அரவம்', ல-வுக்கு 'இலவம்', ழ-வுக்கு 'அழகு', ற-வுக்கு 'அறன்'. முன்னால் ஓர் அகரத்தையோ இகரத்தையோ வைத்து, வேண்டிய எழுத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். இலக்கணம் மீறப்படவில்லை, வரிசையும் குலையவில்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த நம்மில் பலர் இந்த நுட்பத்தைக் கவனித்ததே இல்லை.

இதே சிக்கலுக்குப் பாம்பன் சுவாமிகள் வேறு வழியும் கண்டார். 1891-இல் அவர் பாடிய சண்முக கவசத்தில் முப்பது பாடல்கள். உயிர் பன்னிரண்டும் மெய்வரிசை பதினெட்டும் முறையே பாடல்களுக்கு வரிசை தருகின்றன. ழ, ள, ற, ன வரும் இடங்களில் ஔவையாரைப் போலவே முன்னால் ஓர் இகரத்தை வைத்தார். ல வரும் இடத்தில் 'லகரமே போல்' என்று எழுத்தின் பெயரையே முதற்சொல் ஆக்கிக்கொண்டார். ஔவையார் விதிக்கு இடம் கொடுத்து எழுத்தை நகர்த்தினார். சுவாமிகள் சில இடங்களில் எழுத்தை நகர்த்தாமல் விதியைத் தளர்த்தினார். கவசமாக ஓதும் பாட்டில் எழுத்து இயன்றவரை தன் இடத்தை விட்டுப் பெயரக்கூடாது என்ற பத்தியே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வரிசையைக் காட்டுவதை விட்டுவிட்டு, உண்மையிலேயே ஒரு சொல்லை மறைக்க நினைத்தவர்கள் முதலெழுத்தை நம்பவில்லை. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் இந்த வகைகளுக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. ஒரு செய்யுளின் எழுத்துகளைப் பின்னிருந்து ஒன்றுவிட்டு ஒன்று படிக்க வேறொரு செய்யுள் கிடைத்தால் அது காதைகரப்பு. ஒரு செய்யுளுக்குள் சிதறிக் கிடக்கும் எழுத்துகளைப் பொறுக்கி இன்னொன்றை எடுக்க முடிந்தால் அது கரந்துறைச் செய்யுள். எழுத்துகளைப் படமாக வரையும் சக்கரம், நாகபந்தம் போன்றவற்றில் கோடுகள் வெட்டும் இடத்து எழுத்தை இரண்டு அடிகள் பகிர்ந்துகொள்ளும். இங்கெல்லாம் எழுத்து சொல்லின் நடுவில் நிற்பதால் ட-வும் ழ-வும் தாராளமாக ஒளியலாம். வடமொழியில் மாகர் தம் காவியத்தின் 19-ஆம் சருக்கத்தில் ஒரு சக்கரத்துக்குள் தம் பெயரையும் நூற்பெயரையும் பொதிந்து வைத்தது இந்த வழியில்தான். இவ்வகைச் சித்திரகவி வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கப்பட்டது நமக்கு நேர்ந்த இழப்பு. மொழியின் ஒலியமைப்பை இவ்வளவு நெருங்கி அறிந்தவர்கள் அந்தப் புலவர்கள்.

மறைத்தவர் யார் என்று தெரியாத இடங்களில்தான் எச்சரிக்கை வேண்டும். வால்மீகி ராமாயணத்தின் 24,000 சுலோகங்களில் ஆயிரத்துக்கு ஒன்றாக முதலெழுத்தை எடுத்தால் காயத்ரி மந்திரத்தின் 24 எழுத்தும் வரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பக்தியோடு ஓதுவோருக்கு அது போதும். ஆய்வாளன் எந்தப் பாடம் என்று கேட்டாக வேண்டும். வடக்கு, தெற்கு ஏடுகளில் சுலோகத் தொகை ஒன்றல்ல. 1960 முதல் 1975 வரை பரோடாவிலிருந்து வந்த செம்பதிப்பில் 24,000-க்கு மிகவும் குறைவு. எண்ணிக்கை மாறினால் ஆயிரமாவது சுலோகமும் மாறிவிடும்.

மேலைநாட்டில் இந்தக் கேள்வி பழையது. ஒரு தீர்க்கதரிசனப் பாட்டில் முதலெழுத்துகள் சொல்லாகக் கூடினால் அது ஆவேசத்தில் பிறந்ததல்ல, நிதானமாக உட்கார்ந்து எழுதியது என்று ரோமானிய சிசரோ வாதிட்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குள் அவர் காலத்து ஆங்கில அறிஞர் பேகனின் பெயர் ஒளிந்திருப்பதாகச் சொன்னவர்களின் கணக்குகளை வில்லியம், எலிசபெத் ஃபிரீட்மன் என்ற சங்கேதமொழி வல்லுநர் தம்பதியர் 1957-இல் வெளியிட்ட நூலில் சோதித்தார்கள். யார் தேடினாலும் அதே விதிப்படி அதே விடை கிடைக்க வேண்டும் என்ற அவர்கள் அளவுகோலில் ஒன்றும் தேறவில்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. ஏட்டுச்சுவடியில் அடி பிரித்து எழுதும் வழக்கமில்லை. பழைய அச்சுநூல்கள் சீர் பிரித்தன. அப்போது வகையுளியால் சொல் நடுவே உடைந்து, ள-வும் ற-வும் சீருக்கு முதலில் வந்து நிற்கும். பிறகு மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் போன்றவை சந்தி பிரித்துத் தந்தன. படிப்பவருக்கு அது பேருதவி. அந்தப் பணிக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் சந்தி பிரித்த பக்கத்தில் தெரியும் முதலெழுத்து, புலவர் வாயில் இருந்த முதலெழுத்தாக இருக்க வேண்டியதில்லை. இன்று கணினியில் ஒரு நிரல் எழுதி, முழு நூலின் முதலெழுத்துகளையும் நொடியில் உருவிவிடலாம். கிடைப்பது கவிஞரின் கைவேலையா, பதிப்பாளரின் கைவேலையா என்று அந்த நிரலுக்குத் தெரியாது.

1998 முதல் மதுரைத் திட்டமும் அதன் வழியில் வந்த மற்ற மின்னூலகங்களும் நம் நூல்களைக் காத்து வருகின்றன. அவற்றில் உழைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: சந்தி பிரித்த பாடத்தோடு சீர் பிரித்த மூலபாடத்தையும் அருகருகே வையுங்கள், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதையும் தலைப்பிலேயே குறியுங்கள்.