முதலில் கொள்ளட்டும், பிறகு ஓடட்டும்

கரியாலூரில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் போன் செய்தான். "மாமா, எட்டு ஜிபி ராமைக் கழட்டிட்டு, 3600 ஸ்பீடுல வேற எட்டு ஜிபி போடலாமா? வீடியோவுல ஸ்பீடுதான் முக்கியம்னு சொல்றாங்க."

காசு அக்காவுடையது. மலையிறங்கி கள்ளக்குறிச்சி வந்துதான் வாங்க வேண்டும். தப்பாக வாங்கினால் மறுபடி பஸ் ஏற வேண்டும். அதனால் அவன் அனுப்பிய வீடியோக்களைப் பொறுமையாகப் பார்த்தேன்.

அவற்றில் எண்கள் தப்பில்லை, சோதனைதான் தப்பு. 32 ஜிபியும் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினியில் கேம் ஓட்டி அளக்கிறார்கள். இடம் போதுமா என்ற கேள்வியே அங்கே எழாது. அந்த முடிவை எட்டு ஜிபிக்காரனிடம் சொன்னால் எப்படிப் பொருந்தும்?

கணக்கைப் பார்ப்போம். அவனிடம் இருப்பது டிடிஆர்4 3200, சிஎல் 22. லேபிளில் உள்ள 3200 கடிகார வேகம் இல்லை. அது 1600 மெகாஹெர்ட்ஸ்தான். 22-ஐ அதால் வகுத்தால் தாமதம் 13.75 நானோ செகண்ட். 3600, சிஎல் 18 என்றால் 10. மிச்சம் நாலு நானோ செகண்டுக்கும் குறைவு.

ராம் நிரம்பினால்? இயங்குதளம் பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளும். எஸ்எஸ்டியிலிருந்து திரும்ப எடுக்கச் சுமார் ஒரு லட்சம் நானோ செகண்ட். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு கோடி. பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை விளக்கிவிட்டார்: ஓடும் நிரல்களுக்கு அந்த நேரத்தில் தேவையான பக்கங்கள் மொத்தமாக நினைவகத்தில் கொள்ளாவிட்டால், கணினி வேலை செய்வதை விட்டு பக்கங்களைத் தூக்கிச் சுமந்துகொண்டே இருக்கும்.

"உன் வேலையெல்லாம் திறந்து வச்சிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருடா" என்றேன். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எமுலேட்டர், பிரவுசர். 94 சதவீதம்.

இன்னொன்றையும் அந்த வீடியோக்கள் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் கணினியில் ஒரே ஒரு ராம், ஒரே சேனல்: நொடிக்கு 25.6 ஜிபி. 3600 போட்டால் 28.8. அதே 3200-இல் இன்னொரு எட்டு ஜிபியைப் பக்கத்து சேனலில் செருகினால் 51.2! அவனிடம் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போடுகிறது. ஆக, அவனுக்கு அதிக ராமே வேகமான ராமும்கூட.

வேகம் வீண் என்று நான் சொல்லவில்லை. வேலை முழுதும் கொண்டபிறகு, இரண்டு சேனலும் நிறைந்தபிறகு, அடுத்த ரூபாய் வேகத்துக்குப் போகட்டும். அதற்கு முன்னால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சி வருகிறான். பழைய ராமின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.